கிருமியைக் காவல் காக்கும் கட்டடம்



எங்கள் சூளகிரி வட்டாரத்தில் கறவை மாடு இல்லாத தெருவைக் காண்பது அரிது. காலையில் பால் கேன்களுடன் செல்லும் சைக்கிள்களும் மொபெட்டுகளும் இங்கே அன்றாடக் காட்சி. இந்த மாடுகளுக்கு வரும் நோய்களில் உழவர்கள் மிகவும் அஞ்சுவது கோமாரி. காணை என்றும் இதைச் சொல்வார்கள். வாயிலும் குளம்பிலும் புண் வரும். மாடு தீனி தின்னாது. பால் வற்றிப் போகும். இளங்கன்றுகள் இறந்து போவதும் உண்டு. இந்நோயை உண்டாக்குவது ஒரு வைரஸ். அதன் விட்டம் ஏறக்குறைய 0.03 மைக்ரான்தான். அதாவது, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம்!

இந்நோயிலிருந்து மாட்டைக் காக்கத் தடுப்பூசி போடுகிறோம். அந்தத் தடுப்பூசி எவ்வாறு உருவாகிறது தெரியுமா? முதலில் உயிருள்ள வைரசையே பெருமளவில் வளர்க்க வேண்டும். பிறகு அதைச் செயலிழக்கச் செய்து மருந்தாக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து எழுபது, எண்பது கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரு ஹெப்பாளில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகத்தில் கோமாரித் தடுப்பூசி ஆய்வு நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது.

இப்போது ஒரு கேள்வி எழ வேண்டும். மாட்டைக் காப்பதற்காகவே அந்த வைரசை ஒரு கட்டடத்தில் கோடி கோடியாக வளர்க்கிறார்கள். அது கதவிடுக்கு வழியாகவோ, சாக்கடை வழியாகவோ வெளியே வந்துவிட்டால்? கண்ணுக்குத் தெரியாத கைதியை எந்தப் பூட்டுப் போட்டு அடைப்பது?

இதற்கு விடை சொல்வது உயிரியல் அன்று. நீங்கள் ஒன்பது, பத்தாம் வகுப்பில் படிக்கும் இயற்பியல்தான். அழுத்தம், காற்றோட்டம், வெப்பம், மின்சாரம் ஆகிய நான்கு பாடங்களைக் கொண்டே அந்தச் சிறையைக் கட்டுகிறார்கள். அது எப்படி என்று காண்போம்.

நான்கு நிலைகள்

கிருமிகளின் ஆபத்தைப் பொறுத்து ஆய்வகங்களை நான்கு பாதுகாப்பு நிலைகளாகப் பிரித்துள்ளனர். தீங்கற்ற நுண்ணுயிர்களைக் கையாளும் பள்ளி, கல்லூரி ஆய்வகம் முதல் நிலை. மருத்துவமனைகளின் சாதாரணப் பரிசோதனைக்கூடம் இரண்டாம் நிலை. காற்றின் மூலம் பரவிக் கடும் நோய் தரும் கிருமிகளுக்கு மூன்றாம் நிலை. உயிரைப் பறிக்கக்கூடிய, தடுப்பூசியோ உறுதியான மருந்தோ இல்லாத கிருமிகளுக்கு நான்காம் நிலை.

போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் நம் நாட்டின் புகழ்பெற்ற ஆய்வகங்களுள் ஒன்று. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கோழிகள் கூட்டமாக மடிந்தபோது, அது பறவைக் காய்ச்சல்தான் என உறுதி செய்தது இந்த ஆய்வகமே. 2014-இல் இது தனித் தேசிய நிறுவனம் ஆயிற்று.

புனேயில் 1952-இல் வைரஸ் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கிய நிறுவனம் இன்று தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் எனப் பெயர் பெற்றுள்ளது. நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் 1957-இல் குரங்குகள் இறந்து விழுந்தபோது, கியாசனூர் காட்டு நோயைக் கண்டறிந்தவர்கள் இந்நிறுவனத்தாரே. அந்த வைரஸ் ஆய்வக ஊழியர்களையே தொற்றியதும் உண்டு. ஆகவே காவல் மிக்க கட்டடத்தின் தேவையை அவர்கள் நேரிலேயே உணர்ந்திருந்தனர். 2012-13 காலத்தில் புனேயில் நான்காம் நிலை ஆய்வகம் ஒன்று இயங்கத் தொடங்கியது. 2018-இல் கேரளத்தில் பரவிய நிபா வைரசை ஆராய இது பெரிதும் பயன்பட்டது.

இத்தகைய கட்டடத்தைச் சுற்றி வேலியும், காவலரும், படக்கருவிகளும் இருக்கும். அவை மனிதரைத் தடுப்பதற்கு. கிருமியைத் தடுக்கும் காவலாளி வேறு. அவர்களுள் முதல்வர் காற்று.

முதல் காவல்: காற்றழுத்தம்

நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்வதுபோல, காற்றும் அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பாயும். கிருமி உள்ள அறையின் அழுத்தத்தை வெளியிலுள்ளதைவிடக் குறைவாக வைத்துவிட்டால், எந்த இடுக்கு வழியாகவும் காற்று உள்ளே வருமே தவிர வெளியே போகாது. இடுக்கே இல்லாமல் அறை கட்டுவது கடினம். இடுக்கில் காற்று எத்திசையில் போக வேண்டும் என்பதை நாம் தீர்மானிப்பது அதைவிட எளிது.

அழுத்தத்தைக் குறைப்பது எப்படி? அறைக்குள் வரும் காற்றைவிட வெளியேற்றும் காற்றைச் சற்று மிகுதியாக்கினால் போதும். வெளியிலிருந்து உள்ளே செல்லச் செல்ல, படிப்படியாக அழுத்தத்தை இறக்குவார்கள். ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள்: நடைக்கூடம் வெளியைவிட 15 பாஸ்கல் குறைவு, உடை மாற்றும் அறை 30, குளியல் அறை 45, உள்ளே ஆய்வறை 60 பாஸ்கல் குறைவு.

60 பாஸ்கல் என்பது பெரிய அழுத்தமா? வளிமண்டல அழுத்தம் கடல் மட்டத்தில் ஏறக்குறைய 1,01,325 பாஸ்கல். அதில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நீங்கள் ஐந்து மீட்டர் உயரம், அதாவது ஒன்றரை மாடி ஏறினாலே காற்றழுத்தம் 60 பாஸ்கல் குறைந்துவிடும்! நீர்மட்டத்தில் சொன்னால் இது வெறும் 6 மில்லிமீட்டர். ஒரு படிக்கு 15 பாஸ்கல் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர். இவ்வளவு சிறிய வேறுபாட்டை அளக்கச் சாய்வு நீர்க்குழாய்மானி உதவும். குழாயைப் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் சாய்த்து வைத்தால், ஒன்றரை மில்லிமீட்டர் ஏற்றம் குழாயின் வழியே ஒன்றரை சென்டிமீட்டராகத் தெரியும். இக்காலத்தில் மின்னணு உணரிகள் இவ்வேலையைச் செய்கின்றன. எனினும் தத்துவம் ஒன்றே.

இந்தச் சிறு அழுத்தம் கதவிடுக்கில் எவ்வளவு காற்றை ஓட்டும்? ஆற்றல் அழியாமை விதியைக் கொண்டு கணக்கிடலாம்.

வேகத்தின் இருமடி = 2 × அழுத்த வேறுபாடு ÷ காற்றின் அடர்த்தி

அழுத்த வேறுபாடு 15 பாஸ்கல். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். ஆகவே 2 × 15 ÷ 1.2 = 25. வேகம் நொடிக்கு 5 மீட்டர். மணிக்கு 18 கிலோமீட்டர்! ஒன்றரை மில்லிமீட்டர் நீர்மட்டம் இடுக்கில் சைக்கிள் வேகத்தில் காற்றை ஓட்டுகிறது. அந்த எதிர்க்காற்றை மீறி மிதக்கும் துகள் வெளியேறுவது மிகக் கடினம்.

சரி, 60 பாஸ்கலையும் ஒரே கதவில் வைத்துவிட்டால் என்ன? இரண்டு சதுர மீட்டர் கதவின் மீது விசை 120 நியூட்டன். அதாவது, 12 கிலோகிராம் எடை கதவைச் சாத்திப் பிடித்திருப்பதற்குச் சமம். படிப்படியாக 15 பாஸ்கல் வீதம் பிரித்தால் ஒவ்வொரு கதவின் மீதும் 30 நியூட்டன்தான். ஒருவர் எளிதில் திறந்து போகலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் பக்கம் ஆடி மாதக் காற்றுப் பலமாக வீசும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சுவரில் மோதினால் உண்டாகும் அழுத்தம் ½ × 1.2 × 100, அதாவது அதே 60 பாஸ்கல்! எனவே, 'வெளி அழுத்தம்' என்று ஒப்பிட்டுப் பார்க்கும் உணரியின் வாயைக் காற்று நேராகத் தாக்காத இடத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு காற்றடிப்புக்கும் கருவி ஏமாந்து போகும்.

கதவைத் திறந்தால்?

கதவு மூடியிருக்கும்வரை கணக்குச் சரி. திறந்தால் என்ன ஆகும்?

மூன்றாம் நிலை அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கன அளவு 90 கன மீட்டர். மணிக்கு 12 தடவை காற்றை மாற்றுவதாகக் கொண்டால், மணிக்கு 1,080 கன மீட்டர், அதாவது நொடிக்கு 0.3 கன மீட்டர் வெளியேற வேண்டும். உள்ளே செலுத்துவது நொடிக்கு 0.27. மீதி 0.03 கன மீட்டர் கதவிடுக்கு வழியாக வந்து சேர்கிறது.

இப்போது கதவை முழுதும் திறந்துவிடுங்கள். அதே 0.03 கன மீட்டர் காற்று, இரண்டு சதுர மீட்டர் வாசல் முழுதும் பரவி வருகிறது. வேகம் நொடிக்கு ஒன்றரை சென்டிமீட்டர்! சைக்கிள் வேகம் எறும்பின் வேகமாகிவிட்டது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடந்து வெளியேறும் ஒருவர் தம் முதுகுக்குப் பின்னால் இழுத்து வரும் காற்றை இது தடுக்காது.

இதனால்தான் இரண்டு கதவுகளுடைய இடை அறை தேவைப்படுகிறது. முதல் கதவு திறந்திருக்கும்போது இரண்டாவது திறக்காது. இரண்டும் மூடிய நிலையில் இடை அறையின் காற்று மாறியபின்தான் அடுத்த கதவின் மின்பூட்டு விடுபடும். ஒவ்வொரு கதவிலும் ஒரு சுவிட்ச். மூடினால் அது இணையும். முதல் கதவின் சுவிட்சும் நேரம் காட்டும் ரிலேயும் தொடரிணைப்பில் இருந்தால்தான் இரண்டாம் கதவின் பூட்டுக்கு மின்சாரம் கிடைக்கும். பள்ளியில் நீங்கள் இரண்டு சாவிகளையும் ஒரு பல்பையும் தொடரில் இணைத்துச் செய்த சோதனைதான் இது.

இரண்டாம் காவல்: வடிகட்டி

வெளியேற்றும் காற்றில் கிருமி இருக்கலாமே? அதை அப்படியே கூரைமேல் விட முடியாது. ஆகவே அது ஹெப்பா என்னும் நுண்வடிகட்டி வழியாகப் போகிறது. 1940-களில் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் தூசியைப் பிடிக்க உருவாக்கப்பட்ட வடிகட்டி இது. மிக மெல்லிய கண்ணாடி இழைகளால் ஆன தாளை மடித்து மடித்துச் சட்டத்தில் அடைத்திருப்பார்கள்.

இதைச் சல்லடை என்று எண்ணிவிடாதீர்கள். இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளி வைரசைவிடப் பன்மடங்கு பெரியது. பின் எவ்வாறு பிடிக்கிறது? மூன்று வழிகளில்.

பெரிய துகள்கள் கனமானவை. காற்று இழையைச் சுற்றி வளையும்போது அவை நிலைமத்தால் நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். பேருந்து திடீரெனத் திரும்பும்போது நின்றிருப்பவர் பக்கவாட்டில் சாய்வது போல. நடுத்தரத் துகள்கள் காற்றோடு வளைந்தாலும், இழையை உரசிப் போகும்போது சிக்கிக்கொள்ளும். மிகச் சிறியவை நேர்க்கோட்டில் போவதே இல்லை. காற்று மூலக்கூறுகள் இடைவிடாமல் இடிப்பதால் அவை தள்ளாடித் தள்ளாடிச் செல்லும். இதுவே பிரௌனியன் இயக்கம். இவ்வாறு தள்ளாடும் துகள் ஏதேனும் ஓர் இழையில் முட்டியே தீரும்.

ஆகவே மிகப் பெரியதும் அகப்படும். மிகச் சிறியதும் அகப்படும். இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய 0.3 மைக்ரான் அளவுள்ள துகளைப் பிடிப்பதுதான் கடினம். அதனால் அந்த அளவிலேயே வடிகட்டியைச் சோதிக்கிறார்கள். பத்தாயிரத்தில் மூன்றுக்கு மேல் தப்பக் கூடாது, அதாவது 99.97 சதவீதம் பிடிபட வேண்டும். வைரஸ் இதைவிடச் சிறியது என்பதால் தப்பிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது.

நான்காம் நிலையில் இரண்டு வடிகட்டிகளை அடுத்தடுத்து வைப்பார்கள். பத்துக் கோடித் துகள்கள் முதல் வடிகட்டிக்கு வந்தால் 30,000 தப்பும். அவை இரண்டாவதைக் கடக்கும்போது மிஞ்சுவது 9 தான். முதல் வடிகட்டி ஒருநாள் கிழிந்துபோனாலும் இரண்டாவது காவலில் நிற்கும்.

வடிகட்டி ஒன்று இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்குச் சோவியத் நாட்டின் ஸ்வெர்திலோவ்ஸ்க் நகரமே சாட்சி. 1979 ஏப்ரலில் அங்கிருந்த இராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் கிருமித் துகள்கள் காற்றில் வெளியேறின. குறைந்தது 66 பேர் இறந்தனர். காற்றடித்த திசையில் பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூர்களில் கால்நடைகளும் மடிந்தன. அடைத்துப்போன வடிகட்டியைக் கழற்றியவர்கள் மாற்று வடிகட்டியைப் பொருத்தாமல் இயந்திரத்தை ஓட்டிவிட்டார்கள் என்று, அந்நாட்டின் உயிரி ஆயுதத் திட்டத்தில் உயர்பதவி வகித்த கென் அலிபெக் பின்னாளில் எழுதினார்.

காற்றுக்குக் கொடுக்கும் விலை

வீட்டில் குளிர்சாதனம் அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. உயர் பாதுகாப்பு ஆய்வகத்தில் அவ்வாறு செய்ய இயலாது. குளிர்வித்த காற்று ஒருமுறை அறையைக் கடந்ததும் வடிகட்டி வழியே வெளியே போய்விடும். நம் மாதிரி அறைக்கு நொடிக்கு 0.3 கன மீட்டர், அதாவது 0.36 கிலோகிராம் காற்று வேண்டும். வெளியே 35 டிகிரி. உள்ளே 22 டிகிரி. இந்த 13 டிகிரியைக் குறைக்க நொடிக்கு 0.36 × 1 × 13 = 4.7 கிலோஜூல் வெப்பத்தை நீக்க வேண்டும். காற்றின் ஈரத்தை நீக்குவது தனிச் செலவு. ஒரு சிறு அறைக்கே இப்படி! இரவும் பகலும், விடுமுறை நாளிலும் இதை நிறுத்த முடியாது.

மூன்றாம் காவல்: வெப்பம்

காற்றுக்கு வழி சொல்லியாயிற்று. கைகழுவிய நீர், குளித்த நீர், விலங்குக் கூண்டுகளைக் கழுவிய நீர் எங்கே போகும்? இத்தகைய கட்டடங்களில் ஆய்வறைக்குக் கீழே ஒரு தளம் முழுதும் தொட்டிகளும் குழாய்களும்தாம். அங்கே கழிவுநீரை அழுத்தக் கலனில் அடைத்து, நீராவியால் 121 டிகிரி அல்லது அதற்கு மேல் சூடாக்கி, குறித்த நேரம் வைத்திருந்து, ஆறவைத்தபிறகே வெளியே விடுவார்கள்.

திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கர் செய்வதும் இதுவே. 1,000 லிட்டர் கழிவுநீரை 25 டிகிரியிலிருந்து 121 டிகிரிக்கு உயர்த்த 1,000 × 4.2 × 96 = 4,03,200 கிலோஜூல் வேண்டும். மின்கணக்கில் 112 யூனிட்!

இங்கே எங்கள் மாவட்ட மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே வளிமண்டல அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. நீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தமானி காட்டுவது வெளியழுத்தத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே. சென்னையிலும் ஓசூரிலும் இரண்டு கலன்களின் முள் ஒரே எண்ணைக் காட்டினாலும், ஓசூர்க் கலனின் நீராவி ஏறக்குறைய 2 டிகிரி குறைவாக இருக்கும். ஆகவே மேட்டுநிலத்தில் கிருமி நீக்கும் கலனை இயக்குபவர் அழுத்தமானியை மட்டும் நம்பாமல் வெப்பமானியைப் பார்த்தே நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

கழிவுநீர்க் குழாய் எவ்வளவு முக்கியமானது என்பதை இங்கிலாந்து 2007-இல் கற்றது. அந்த ஆகஸ்டில் சர்ரே வட்டாரத்துப் பண்ணை ஒன்றில் கோமாரி தோன்றியது. வைரசை ஆராய்ந்தபோது, அது அப்போது உலகில் எங்கும் பரவிக்கொண்டிருந்த வகையே அன்று. ஆய்வகங்களில் வைத்திருந்த 1967-ஆம் ஆண்டு வகை! சில கிலோமீட்டர் தொலைவில் பிர்பிரைட் என்னும் இடத்தில் கோமாரி ஆய்வு நிறுவனமும் தடுப்பூசித் தொழிற்சாலையும் ஒரே வளாகத்தில் இருந்தன. அறைகளின் காற்றழுத்தமும் வடிகட்டியும் குற்றவாளிகளாகத் தெரியவில்லை. மண்ணுக்கடியில் சென்ற பழைய கழிவுநீர்க் குழாயில் வெடிப்புகளும் கசிவும் இருந்தன. அவ்வாண்டு கோடையில் பெய்த பெருமழையில் மண் நனைந்தது. கட்டட வேலைக்கு வந்த வண்டிகளின் சக்கரத்தில் ஒட்டிய மண் பண்ணைப் பக்கம் போயிருக்கக் கூடும் என்று ஆய்வுக் குழுவினர் முடிவு கூறினர்.

அதே நாட்டில் 2001-இல் பரவிய கோமாரியின்போது அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டிருந்தன. அந்த அச்சம் ஆறாத உழவர்களுக்கு, நோயைத் தடுக்க வேண்டிய வளாகத்திலிருந்தே நோய் வந்தது எவ்வளவு வேதனை தந்திருக்கும்!

நான்காம் காவல்: மின்சாரம்

மேற்கண்ட காவலர் அனைவருக்கும் உணவு மின்சாரம். அது நின்றால் விசிறி நிற்கும். விசிறி நின்றால் அழுத்தப் படிகள் சரியும். ஆகவே இரண்டு வழிகளில் மின் இணைப்பு, அதற்குப் பின் டீசல் ஜெனரேட்டர், அது கிளம்பும்வரையில் உள்ள சில நொடிகளுக்கு மின்கல அடுக்கு என வரிசையாக ஏற்பாடு செய்வார்கள். வெளியேற்றும் விசிறிகளும் இரண்டு. ஒன்று ஓடும், மற்றது ஓடத் தயாராக நிற்கும்.

மின்சாரம் திரும்பியதும் எதை முதலில் ஓட்ட வேண்டும்? உள்ளே காற்றுச் செலுத்தும் விசிறி முதலில் கிளம்பினால் அறை பலூன்போல் அழுத்தம் ஏறி, கிருமிக் காற்றை இடுக்கு வழியே வெளியே தள்ளிவிடும். எனவே வெளியேற்றும் விசிறி ஓடுகிறது என்று உறுதியான பிறகே மற்றதற்கு மின்சாரம் கிடைக்குமாறு ரிலே அமைக்கப்படுகிறது. வெளியேற்றும் விசிறி நின்ற மறுகணமே செலுத்தும் விசிறியும் நின்றாக வேண்டும்.

எல்லா மின்சாரமும் போய்விட்டால்? பொறியாளர் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி இதுவே. ஒவ்வொரு கருவியும் செயலிழக்கும்போது எந்த நிலைக்குப் போய் நிற்க வேண்டும்? ஓசூரில் உருவாகிச் செல்லும் லாரிகளின் காற்று பிரேக்கைப் பாருங்கள். அவற்றில் வலிமையான சுருள்வில் ஒன்று பிரேக்கைப் பிடித்திருக்கும். காற்றழுத்தம்தான் அதை விலக்கி வைக்கிறது. குழாய் வெடித்துக் காற்றுப் போய்விட்டால் வில் தானே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். ஆய்வகத்தின் காற்றுக் குழாய்களில் உள்ள அடைப்பான்களும் அவ்வாறே. மின்சாரம் அவற்றைத் திறந்து பிடித்திருக்கும். மின்சாரம் போனால் வில் மூடிவிடும். ஆனால் மனிதர் தப்ப வேண்டிய அவசரக் கதவு மட்டும் மின்சாரம் போனால் திறக்குமாறு இருக்க வேண்டும். கிருமிக்கு ஒரு விதி. மனிதருக்கு வேறு விதி.

நான்காம் நிலையில் பணிபுரிவோர் முழு உடலையும் மூடும் காற்றுடை அணிவார்கள். அதற்குள் குழாய் மூலம் தூய காற்றுச் செலுத்தப்படும். அறை குறை அழுத்தத்தில், உடை மிகை அழுத்தத்தில்! உடையில் சிறு ஓட்டை விழுந்தாலும் காற்று வெளிநோக்கியே பீறிடும். இந்தக் காற்றுக்கும் தனி அமுக்கியும் மாற்று உருளைகளும் வைத்திருக்க வேண்டும்.

2007 ஜூனில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் ஒரு நிகழ்ச்சி. புதிதாகக் கட்டிய நான்காம் நிலை ஆய்வகக் கட்டடத்தருகே மின்னல் தாக்கியது. மின்சாரம் நின்றது, மாற்று மின்சாரமும் வரவில்லை. நல்லவேளையாக அந்த ஆய்வகத்தில் அப்போது பணி தொடங்கியிருக்கவில்லை. காரணத்தைத் தேடியபோது, அருகில் நடந்த கட்டட வேலையில் பள்ளம் தோண்டியவர்கள் மண்ணுக்கடியில் இருந்த எர்த் கம்பியை முன்பே வெட்டியிருந்தது தெரியவந்தது. மின்னலின் மின்னூட்டத்தை மண்ணுக்குள் இறக்க வேண்டிய ஒரு கம்பி!

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்களை இப்பகுதியில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பெயர் வேண்டாம். நாங்கள் உள்ளே இருக்கும்போதே மின்வெட்டு. பெரிய ஜெனரேட்டர் கிளம்பவில்லை. எண்ணெய் நிறைய இருந்தது, இயந்திரமும் புதிது. அதைக் கிளப்பும் மின்கலத்தின் முனைகளில் வெண்பூச்சுப் படிந்து மின்னோட்டம் தடைபட்டிருந்தது. திங்கள்தோறும் ஓட்டிப் பார்த்ததாக ஏட்டில் மட்டும் அழகாக எழுதியிருந்தது. அங்கே சில மணி நேர உற்பத்திதான் நட்டம். கிருமிகளை அடைத்த கட்டடமாக இருந்தால்? அன்று மாலை பேருந்தில் திரும்பும்போது மாணவர்கள் பேசியது முழுதும் அந்த மின்கலத்தைப் பற்றியே.

சிறையைச் சோதித்தல்

கட்டி முடித்ததும் கட்டடத்தைத் தேர்வு வைக்க வேண்டும். சைக்கிள் டியூபைக் காற்றடித்து நீரில் அமிழ்த்திக் குமிழி பார்ப்போம் அல்லவா? அதே முறைதான். ஆய்வறையின் எல்லா வழிகளையும் அடைத்து, அழுத்தத்தை 500 பாஸ்கல் அளவுக்கு மாற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். இருபது நிமிடத்தில் அந்த வேறுபாடு பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவுகோல். இறங்கினால் சோப்பு நீரைப் பூசி ஓட்டையைத் தேடுவார்கள். சுவரைத் துளைத்துச் செல்லும் ஒவ்வொரு மின்கம்பியும் குழாயும் ஐயத்துக்குரியவை. கம்பியின் உறைக்குள்ளேகூடக் காற்றுப் புகுந்து செல்லும் என்பதால், உறைக்குள்ளும் பசையால் அடைப்பார்கள்.

பிறகு விசிறியை நிறுத்திப் பார்ப்பார்கள்; மின்சாரத்தைத் துண்டித்துப் பார்ப்பார்கள். வடிகட்டிகளின் மீது நுண்துளிப் புகையைச் செலுத்திக் கசிவு தேடுவார்கள். இவற்றை ஆண்டுதோறும் திரும்பச் செய்ய வேண்டும்.

மேலே சொன்ன மூன்று நாட்டு விபத்துகளையும் மீண்டும் எண்ணிப் பாருங்கள். பொருத்தாமல் விட்ட வடிகட்டி, வெடித்த குழாய், அறுந்த எர்த் கம்பி. மூன்றிலும் இயற்பியல் விதி எதுவும் பொய்க்கவில்லை. அரிய கருவி எதுவும் பழுதாகவில்லை. யாரும் திரும்பிப் பாராத எளிய பொருள்களே காவலைக் கைவிட்டன. உயர் பாதுகாப்பு ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டு அணிந்த விஞ்ஞானியைப் போலவே, குழாயைத் தட்டிப் பார்க்கும் ஃபிட்டரும், மின்கல முனையைத் துடைக்கும் எலக்ட்ரீஷியனும் நோய்த்தடுப்பு வீரர்களே. அவர்கள் இன்று ஏட்டில் எழுதியது உண்மையாக இருந்தால், நம் கொட்டகையில் அசைபோடும் மாடு நாளையும் பால் கறக்கும்.

செய்து பாருங்கள்

வீட்டுச் சமையலறையில் காற்று வெளியேற்றும் விசிறி இருந்தால், அடுப்பை அணைத்துவிட்டு, பெரியவர் ஒருவர் துணையுடன் சன்னல்களை மூடி விசிறியை ஓட்டுங்கள். கதவை ஒரு விரல் இடைவெளி இருக்குமாறு சாத்தி, இடுக்கருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை எத்திசையில் எவ்வளவு வேகமாகச் சாய்கிறது? இனிக் கதவை மெல்ல மெல்ல முழுதும் திறந்து புகையைக் கவனியுங்கள். இடை அறை ஏன் தேவை என்பது கண்முன் விளங்கும்.

சிந்தியுங்கள்

1. மருந்துத் தொழிற்சாலைகளின் தூய்மை அறைகளில் உள்ளழுத்தத்தை வெளியைவிட மிகுதியாக வைக்கிறார்கள். ஏன்?

2. இரண்டு அறைகளுக்கு இடையே அழுத்த வேறுபாடு 60 பாஸ்கல் ஆனால், இடுக்கில் காற்றின் வேகம் எவ்வளவு? 15 பாஸ்கலுக்குக் கிடைத்ததைப் போல் நான்கு மடங்கா, இரண்டு மடங்கா?

3. ஒவ்வொன்றும் பத்தாயிரத்தில் மூன்று துகள்களைத் தப்பவிடும் மூன்று வடிகட்டிகளை அடுத்தடுத்து வைத்தால், பத்துக் கோடித் துகள்களில் எத்தனை தப்பும்? மூன்றாவது வடிகட்டியைக் கடக்க விசிறிக்கு ஆகும் கூடுதல் மின்செலவையும் எண்ணினால், அதை வைப்பது அறிவுடைமையா?